மௌனத்துக்கு எத்தனை ஓம்

வின்சிலாஸ் கொண்டுவந்து இறக்கிய நாளில்
அந்தக் குட்டி டிராக்டருக்கு நெஞ்சு கிடையாது.
பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி
தக்கலை இரும்புக்கடையில் எடைக்குப் போட்டிருந்தான்.
மிச்சம் நாலு சக்கரம், கிழிந்த இருக்கை,
பானட்டுக்குள் ஏதோ கோழி இட்ட முட்டை.
முட்டையை லிட்வின் அன்றைக்கே பொரித்துத் தின்றான்.

"மட்டி வாழை வரிசைக்குள்ள திரும்பணும் பெனிற்றா,
கரன்டுலயே ஓடணும்.
செலவ மட்டும் கொஞ்சம் பாத்துக்க, கேட்டியா?"

கொஞ்சம் பார்த்தேன்.
அதுதான் முதல் தப்பு.

ஈ-ரிக்‌ஷாவிலிருந்து எடுத்த கன்ட்ரோலர், ஐம்பது ஆம்பியர்,
கையில் எடுத்தால் பிஸ்கட் டப்பா கனம்.
தார்ரோட்டில் மூன்று பேரைச் சுமந்து பழகியதை
ஆற்றூர் சரிவில், ஈரச் செம்மண்ணில்
கலப்பை இழுக்கச் சொன்னேன்.
மூன்றாம் சாலில் மீன் கருகும் வாடை.
அடுப்படிக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்து
"மீனே வாங்கலியே" என்றாள் வின்சிலாஸ் வீட்டுக்காரி.

மோட்டாரைக் குறை சொல்ல முடியாது.
புறப்படும்போது முந்நூறு கேட்கும்,
நகர்ந்துவிட்டால் அறுபது போதும்.
நின்றதை அசைக்கத்தான் எல்லாக் காசும்.

அடுத்தது முந்நூறு ஆம்பியர்,
மில் குடோனில் மூட்டை தூக்கிய வண்டியினுடையது, பழசு.
பேட்டரி நாலு, நாற்பத்தெட்டு வோல்ட்,
பெருவிரல் பருமனில் கேபிள்,
பிளஸ் முனையை ஒட்டியே ஃபியூஸ்.
கான்டாக்டருக்குக் குறுக்கே சின்னதாய் ஒரு ரெசிஸ்டர்:
உள்ளே கெப்பாசிட்டர் பட்டினி கிடக்கிறது,
எடுத்த எடுப்பில் சோறு போடாதே,
முதலில் கஞ்சித்தண்ணி.
லிட்வின் ஒருநாள் கஞ்சித்தண்ணியை மறந்தான்.
செம்பு நாக்கு ரெண்டும் ஒட்டிக்கொண்டன;
உளி வைத்துப் பிரித்தோம்.

ஐப்பசி, சனிக்கிழமை, மழை விட்ட நேரம்.
எலியோ தகர விளிம்போ,
பெடலுக்குப் போகும் வெள்ளைக் கம்பி அறுந்தது.
வின்சிலாஸ் காலைத் தூக்கி
பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.
வண்டி பாய்ந்தது.
சாவியைக் கை தேடிப் பிடிப்பதற்குள்
ஏழு வாழை, ஏழும் குலை தள்ளியது.
திட்டவில்லை.
விரலை நீட்டி எண்ணினான்,
மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

ராத்திரி மீட்டரை வைத்துப் பார்த்தேன்.
பூஜ்யம் ஓம் என்றால் நில்.
ஐயாயிரம் என்றால் முழு வேகம்.
அறுந்த கம்பிக்கோ அளவே இல்லை.
அளவில்லாததை அது எப்படிப் படித்திருக்கிறது?
ஐயாயிரத்துக்கும் மேலே,
பூரண சம்மதம் என்று.

"நீ ஒண்ணும் சொல்லலியே, அப்ப செரிதானே"
என்றான் என் அண்ணன்,
ஞாயிறு பூசை முடிந்து வந்து சோறு உண்கையில்.
பத்து சென்ட் ரப்பர், என் பங்கு.
சொல்ல இருந்தது.
தொண்டைக்கும் வாய்க்கும் நடுவில் எங்கேயோ
ஒரு வெள்ளைக் கம்பி.
செவ்வாய்க்கிழமை பத்திர ஆபீஸில்
பேனாவும் அவனே தந்தான்.

மூன்றாவது கன்ட்ரோலர் பதினெட்டாயிரம்.
பாதி என் கூலியில் கழியும்.
கம்பி அறுந்தால்
அறுந்தது என்றே படிக்கிற சாதி இது;
சிவப்பு விளக்கு ரெண்டு தரம் சிமிட்டும்,
மோட்டார் அடங்கும்.
அப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுத்தை யார் நம்ப?

செங்கல் கொடுத்துப் பின்சக்கரத்தைத் தூக்கி
பெடலை மிதிக்கச் சொன்னேன் லிட்வினை.
சக்கரம் சுற்றச் சுற்ற
குறடால் வெட்டினேன் வெள்ளைக் கம்பியை.
சிமிட்டல். சிமிட்டல்.
சக்கரம் ஓய்ந்து நின்றது.

"இன்னொருக்கா."
முறுக்கிச் சேர்த்தேன், வெட்டினேன்.
நின்றது.
"இன்னொருக்கா."

"நின்னாச்சே பிள்ளே,
இனி எத்தன தடவதான் வெட்டுவ?" என்றான் வின்சிலாஸ்.

கம்பி குட்டையாகிக்கொண்டே வந்தது.